கொல்லிப்பாவை எடுத்த போட்டோ

இலங்கையில் வெலிகம கடற்கரையை ஒட்டி தப்ரோபேன் என்றொரு குட்டித் தீவு. 1920களில் அங்கே எண்கோணக் கூடம் வைத்து பங்களா கட்டியவர் பெயர் கவுண்ட் டி மோனி. (வேகமாகச் சொல்லாதீர்கள், கவுண்டமணி வந்துவிடுவார்.) 1950களில் அதை வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் பால் பௌல்ஸ் அங்கே உட்கார்ந்து நாவல் எழுதினார். அவர் மனைவிக்குத்தான் வௌவால்கள் ஒத்துவரவில்லை. இன்றைக்கு அந்த பங்களா வாடகைக்குக் கிடைக்கிறது. கடல் தண்ணீரில் கால் நனைத்து நடந்துதான் போகவேண்டும்.

“ஒரே ஒரு ராத்திரி தங்கலாமே” என்றாள் என் மனைவி. வாடகையைப் பார்த்தேன். “இதே மாதிரி பழைய வீடு கொல்லிமலையிலேயே இருக்கு” என்றேன்.

அந்த வீட்டை விளம்பரப் போட்டோவில் பார்த்திருந்தேன். சிவப்பு ஓடு, திண்ணை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. கீழே, ‘நூறாண்டுப் பாரம்பரிய வீடு, தீவு போன்ற தனிமை.’

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதுவரை எண்ணினோம். அப்புறம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தோம், எண்ணிக்கை மலைக்கே தெரியும்.

கொல்லிமலைக்கு ஒரு பாவை உண்டு. சிரித்து மயக்கிக் கிட்டே வரவழைத்து ஆளை முடித்துவிடும் என்பார்கள். சங்கப் புலவர்கள் பாடிய அந்தப் பாவை இப்போது விளம்பரப் படம் எடுக்கிறது என்பது என் கருத்து. படம் எங்கே முடிந்ததோ, சரியாக அங்கே நின்றது கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன்.

“நூறு வருசமாச்சுங்களா?”

“செவுத்துக்கு ஆச்சுங்க. ஓடு போன வருசம் மாத்துனது. கக்கூஸ் போன மாசம்.”

சாயங்காலம் நான்கு மணிக்கு மஞ்சு இறங்கியது. முதலில் மிளகுக்கொடி போனது, பிறகு தொட்டி போனது, பிறகு என் செல்போனில் சிக்னல், கடைசியில் கரண்ட். தீவு விஷயத்தில் மட்டும் அவர்கள் பொய் சொல்லவில்லை.

பெரியவர் முடவாட்டுக்கால் கிழங்கைக் கொண்டுவந்தார். ஆட்டுக்கால் போலவே உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். கத்தியால் அதைச் சுரண்டச் சுரண்ட உள்ளே பச்சையாக வந்தது. நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு சூப் வைத்தார். பரம சைவமான என் மனைவி டம்ளரை முறைத்தாள். “ஆடு இல்லீங்கம்மா, செடிங்க” என்று அவர் மூன்று தடவை சத்தியம் செய்த பிறகு குடித்தாள். பிறகு இரண்டாவது டம்ளர் கேட்டாள். அந்த சூப்புக்காக அந்தத் தொட்டியை மன்னிக்கலாம்.

ராத்திரி ஓட்டுக்கடியில் படபடவென்று சத்தம். டார்ச் அடித்தேன். வௌவால். “தப்ரோபேன் வசதி எல்லாம் இங்கேயும் இருக்கு பார்” என்றேன். பதில் இல்லை.

காலை பத்து மணிக்குக் காலி செய்யவேண்டுமாம். வல்வில் ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தானே காரி, அவன்கூட இப்படி நேரம் குறித்திருக்க மாட்டான்.

கிளம்பும்போது நானும் ஒரு படம் எடுத்தேன். தொட்டியை வெட்டிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வருகிற மாதம் என் மச்சினன் குடும்பத்தோடு போகிறான்.