எசெக்ஸ் பையரும் ஒரு கெட்ட வார்த்தையும்

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் மென்பொருளில் ரூல் போடத் தெரிந்தவனுக்குத் திருப்பூரில் ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது. 2000-ஐ ஒட்டி நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பனியன் கம்பெனியில் இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. முதலாளி அறையில், சாமி படங்களுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை போர்த்தி வைத்திருப்பார்கள். காலையில் உறையை எடுத்து, மோடம் கீச்சிட்டு லைன் கிடைத்ததும், ‘சென்ட் அண்ட் ரிசீவ்’ அழுத்திவிட்டுப் பயபக்தியோடு நிற்போம். பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க்குக்கு முன்னால் ஆப்பிரிக்க மந்திரி ஒருவரின் விதவை வந்து உட்கார்ந்திருப்பார், கையில் பல மில்லியன் டாலரோடு.

மோடத்தின் மேல் 56கே என்று போட்டிருக்கும். கணக்குப்படி விநாடிக்கு 7 கிலோபைட் வரவேண்டும். எங்கள் டெலிபோன் லைனில் அதில் பாதி வந்தாலே அன்றைக்கு நல்ல சகுனம். 2 எம்பி இணைப்போடு ஒரு குப்பை மெயில் வந்தால் பத்து நிமிஷம் போயிற்று, போன் மீட்டரும் அதுபாட்டுக்கு ஓடும். அந்தக் காலத்து பாப்3 முறையில் மெயில் முழுசாக நம் கம்ப்யூட்டருக்குள் இறங்கிய பிறகுதான் அது குப்பையா கூலியா என்றே தெரியவரும்.

அதனால்தான் ரூல். ‘இத்தனை கிலோபைட்டுக்கு மேலிருந்தால் சர்வரிலிருந்து இறக்காதே’ என்று ஒன்று போடலாம். போட்டால் விதவை வருவார். ஆர்ட்வொர்க் வராது, அதுதானே பெரிசு. ஆகவே அதற்கு மேலே இன்னொரு ரூல்: அனுப்புநர் நம் பையர் என்றால் அவர் ஃபோல்டருக்கு நகர்த்து, இதோடு நிறுத்து. அந்த ‘இதோடு நிறுத்து’ டிக்கில்தான் முழு சூட்சுமமும். ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும். நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த ரூலும் அதே மெயிலைப் பிடித்து இழுக்கும். ‘மூவ் அப்’, ‘மூவ் டவுன்’ என்று இரண்டு பட்டன்களை வைத்துக்கொண்டு, பந்தியில் யார் முன்னால் உட்காருவது என்று தீர்மானிக்கும் சம்பந்தி வீட்டுப் பெரியவர் போல நான் சாயந்திரம் முழுக்க வரிசை மாற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் அக்கவுண்டன்ட் அண்ணனுக்கு இந்த நுணுக்கங்களில் நம்பிக்கை கிடையாது. அவருடைய ஆயுதம் ‘பிளாக் சென்டர்’. தினமும் வந்த குப்பைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, அனுப்பியவனைப் பட்டியலில் ஏற்றுவார். கடன்காரர் பெயரை லெட்ஜரில் ஏற்றும் அதே கையெழுத்து நிதானம். பட்டியல் வளர்ந்தது. அதில் இருந்த ஒருவன்கூட அதே முகவரியிலிருந்து மறுபடி எழுதியதில்லை. எழுதுவானா? அவனுக்கு முகவரி என்பது ஒருமுறை உடுத்திக் கழற்றுகிற சட்டை. அண்ணனோ இதைத் தம் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் முதலாளி பார்க்கும்போதே ஆபாச மெயில் ஒன்று திறந்துகொண்டது. “சாமி படத்துக்கு முன்னால இதென்ன கருமம்ப்பா! நிறுத்தித் தொலைங்க” என்றார். அண்ணனே முன்வந்து ஒரு ரூல் எழுதி, மற்ற ரூல்களுக்கெல்லாம் மேலே ஏற்றிவைத்தார்: மெயிலுக்குள் ‘செக்ஸ்’ என்று எங்கே இருந்தாலும் அழித்துவிடு. ஆபாசம் நின்றது. கூடவே எங்கள் முக்கியமான பையரும் நின்றுபோனார். லேப் டிப் என்கிற சாய மாதிரிக்கு ஒப்புதல் வரவில்லை, டையிங் காத்திருந்தது.

“என்ன தம்பி, ஆளுகிட்ட இருந்து ஒரு சத்தத்தையும் காணோம்?”

“அனுப்பிட்டேன்னு போன்ல சொல்றாருங்க. நாலு மெயிலாமுங்க.”

நாலும் ‘டெலிட்டட் ஐட்டம்ஸ்’ஸில் கிடந்தன. பையரின் ஆபீஸ் இங்கிலாந்தில் எசெக்ஸில். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் விலாசம் போட்டிருப்பார். ரூலுக்கு எழுத்துகள்தான் தெரியும், ஊர் தெரியாது. இதில் அண்ணன் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1996-ல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே, ஸ்கந்தார்ப் என்ற ஆங்கில ஊரின் பெயருக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால், அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் திறக்க விடாமல் தடுத்திருக்கிறது. அது பெரிய கம்பெனி என்பதால் உலகம் முழுக்கச் சிரித்தார்கள். எங்களுக்கு அந்தப் பாக்கியமில்லை.

பிறகு படிப்பாளிகள் வந்தார்கள். புரோகிராமர் பால் கிரஹாம் 2002-ல் எழுதிய கட்டுரைக்குப் பின், வார்த்தைகளின் நிகழ்தகவை வைத்துக் குப்பையைக் கண்டுபிடிக்கும் முறை பரவியது. 2004 டிசம்பரில் வந்த தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அது உள்ளேயே இருந்தது. குப்பை என்றால் ஒரு தீச்சுவாலைப் படத்தைக் கிளிக் செய்யவேண்டும்; அல்லவென்றால் மறுபடி கிளிக் செய்து அணைக்கவேண்டும். பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். ‘ஜிஎஸ்எம்’, ‘ரிப்’, ‘ஷிப்மென்ட்’ எல்லாம் நல்ல வார்த்தைகள் என்று எங்கள் தண்டர்பேர்டுக்குப் பழகிவிட்டது. திருப்பூரில் புதிதாக வேலைக்கு வந்த பையன்களைவிடச் சீக்கிரமாகவே பழகியது என்பேன். குப்பைக்காரனும் சளைக்கவில்லை: மாத்திரை விளம்பரத்துக்கு அடியில் ஏதோ நாவலிலிருந்து சம்பந்தமில்லாத பத்திகளை ஒட்டி அனுப்பினான், நல்ல வார்த்தைகளின் எண்ணிக்கை ஏறட்டும் என்று. வார்த்தையே வேண்டாமென்று விளம்பரத்தைப் படமாகவும் அனுப்பினான். அந்த 2004 ஜனவரியில்தான் பில் கேட்ஸ் டாவோஸ் பொருளாதார மாநாட்டில், இரண்டே வருஷத்தில் இந்தக் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம், ஒருவகையில். இன்றைக்கு எந்த மோடமும் கீச்சிடுவதில்லை. அனுப்புகிற சர்வர் உண்மையில் அந்த டொமைனுக்கு உரியதுதானா என்று வாசலிலேயே விசாரிக்கிறார்கள். மொத்தமாக அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் விதித்திருக்கின்றன. விதவையைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. நான் ஒரு ரூலும் எழுதுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், முன்பின் தெரியாதவர்களின் கடிதத்தில்தான் எக்ஸ்போர்ட்காரன் பிழைப்பு ஓடுகிறது. எங்கோ முகம் தெரியாத ஒருவர், ‘டியர் சார், உங்கள் டி-ஷர்ட்டுகளில் ஆர்வமுண்டு, அவசரம், விலை அனுப்புங்கள்’ என்று எழுதுவார். புது பையர் எழுதுவதும் அப்படித்தான், மோசடிக்காரன் எழுதுவதும் அப்படித்தான். அன்றைக்கு இருவரையும் நான் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். இன்றைக்கு இருவரையும் வாசலிலேயே ஜங்க்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், ‘முன்பு குப்பை என்று கண்டறியப்பட்ட மெயில்களைப் போல இருக்கிறது’ என்று ஒரு வரி வரும். எந்த மெயிலைப் போல, எந்த வார்த்தையால் என்று கேட்க வழியில்லை. அண்ணனின் ரூலையாவது திறந்து பார்த்து, அது எசெக்ஸைத்தான் தின்றிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்தது.

இன்பாக்ஸ் காலியா என்றால் அதுவுமில்லை. எல்லாம் தெரிந்தவர்கள். எப்போதோ ஒரு இரவு தங்கிய ஓட்டல், பார்சல் கம்பெனி, ஏழு வருஷத்துக்கு முன்னால் ஸ்டால் போட்ட கண்காட்சி, இன்ஷூரன்ஸ், வங்கி. எல்லாருக்கும் எப்போதோ நாமே ஒரு கட்டத்தில் டிக் போட்டுச் சம்மதித்திருக்கிறோம். அவர்கள் குப்பையில்லை, சட்டப்படி உறவுக்காரர்கள். ரூலும் போடமுடியாது: அதே வங்கிதான் ஏற்றுமதி எல்சி பற்றியும் எழுதுகிறது, தீபாவளிக் கடனைப் பற்றியும் எழுதுகிறது.

திருடனும் இதைப் புரிந்துகொண்டு தெரிந்தவர் வேஷத்துக்கு மாறிவிட்டான். நூல் மில்லின் பெயரில், பழைய பில் நம்பரோடு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்’ என்று அடக்கமாக ஒரு மெயில் வரும். மில்லின் சொந்த மெயில் கணக்கையே உடைத்து அனுப்பியிருந்தால் எல்லாப் பரிசோதனையிலும் தேறி, நேராக இன்பாக்ஸில் வந்து நிற்கும். அதே நேரம் நிஜமான புது பையர் ஜங்க்கில் கிடப்பார்.

ஆகையால் தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால் அதற்கே பதில் போடாதீர்கள். பழைய நம்பருக்கு போன் செய்து குரலைக் கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் ஜங்க் ஃபோல்டரை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். ஜிமெயிலில் அது 30 நாளில் தானாகவே காலியாகிவிடும்.