ஒரே ஒரு பீஸ்

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். பாடியில் பிரேக், சக்கரம், போல்ட் என்று வண்டிக்கு வேண்டியதையெல்லாம் செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் யாரோ எதையோ கடைந்துகொண்டிருப்பார்கள். நாட்டுக்கு உபயோகமான இத்தனை வேலைகளுக்கு நடுவே, அதே அம்பத்தூரில் ஒரு ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து நான் விமானம் செய்கிறேன். நீளம் எட்டு சென்டிமீட்டர். பறக்காது.

பறக்காத விமானம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கொலுவில் அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார் எந்தக் காலத்தில் வியாபாரம் பண்ணினார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பேச்சு அதோடு காபிக்கு மாறிவிடும்.

நான் செய்வது ரெட்டை றெக்கை விமானம். மேலே ஒரு றெக்கை, கீழே ஒரு றெக்கை, நடுவில் தாங்கு குச்சிகள், குச்சிகளுக்குக் குறுக்கே கம்பிகள். முதல் உலகப் போரில் பறந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். அசலில் 72-ல் ஒரு பங்கு என்பது என் கணக்கு. ஆறடி ஆளை ஓர் அங்குலத்தில் அடக்கும் விகிதம் அது. எங்கள் ஃபிளாட்டின் இரண்டாவது பெட்ரூமைப் பார்த்தால், கட்டிய பில்டருக்கும் இந்தப் பொழுதுபோக்கு உண்டோ என்று சந்தேகம் வரும்.

கிட் பெட்டியின் மேல், எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருக்கும். நியாயம்தான். எட்டு வயதுப் பையன் ஞாயிறு காலையில் பெட்டியைப் பிரித்து, சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்து, திங்கட்கிழமை உடைத்துவிடுவான். ஆரோக்கியமான வாழ்க்கை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் வேறொரு வியாதி வருகிறது. அதன் பெயர் இம்ப்ரூவ் பண்ணுவது. கம்பெனிக்காரன் பணத்தைக் கொட்டி மோல்டு போட்டுக் கொடுத்ததை, உப்புத்தாளும் நெயில் கட்டரும் வைத்துக்கொண்டு நாம் திருத்துவோம். மூடி ஒட்டிய பிறகு ஆண்டவனுக்கும் தெரியாது என்று தெரிந்தே, உள்ளே விமானியின் இருக்கைக்குப் பிரம்புப் பின்னல் கீறுவோம்.

இப்போது மேஜையில் இருப்பது சோப்வித் கேமல். 1917-ல் போர்முனைக்கு வந்த பிரிட்டிஷ் சண்டை விமானம். இரண்டு துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடிய தகடு திமில் மாதிரி புடைத்திருந்ததால் ஒட்டகத்தின் பெயர் வந்தது. பெட்டியோடு வரும் விமானி வெள்ளைக்காரர். எனக்கு வேண்டியவர் ஹர்தித் சிங் மாலிக். ராவல்பிண்டியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, சசெக்ஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடி, 28-ஆவது ஸ்குவாட்ரனில் கேமல் ஓட்டியவர். 1917 அக்டோபரில் காலில் குண்டு வாங்கிக்கொண்டு விழுந்து பிழைத்தார். இரண்டு ஜெர்மன் குண்டுகளைக் காலிலேயே வைத்துக்கொண்டு பல வருடம் கோல்ஃப் ஆடினார். சுதந்திரத்துக்குப் பின் பிரான்சில் நம் தூதராகவும் இருந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு தலைப்பாகைகூடக் கட்டாமல் விட்டால் எப்படி?

1:72-ல் ஒரு தலை என்பது மூன்று மில்லிமீட்டர். அதன்மேல் ஊசிமுனையால் பட்டி வைத்து, மடிப்பு மடிப்பாகக் கீறித் தலைப்பாகை கட்டியாயிற்று. ஆனால் மாலிக் தலைப்பாகைக்கு மேல் பெரிய ஹெல்மெட் ஒன்றைத் தனியாகச் செய்து மாட்டிக்கொண்டவர். ‘பறக்கும் குட்டிப்பூதம்’ என்ற பட்டப்பெயரே அதனால்தான் கிடைத்தது. ஆகவே மடிப்புகளின்மேல் இன்னொரு பூச்சுப் பட்டி வைத்து எல்லாவற்றையும் மூடவேண்டியதாயிற்று. இப்போது பார்ப்பவர்கள், “ஏன் இவருக்கு மட்டும் தலை வீங்கியிருக்கு?” என்று கேட்கிறார்கள். உள்ளே தலைப்பாகை இருக்கிறது என்பது எனக்கும் மாலிக்குக்கும் தெரிந்தால் போதும்.

அடுத்தது எஞ்சின். கேமலின் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள். நம் ஊர் எஞ்சின் ஓரிடத்தில் நிற்க, அதன் தண்டு சுற்றும். இதில் தண்டு விமானத்தோடு இறுகி நிற்க, காற்றாடியோடு சேர்ந்து மொத்த எஞ்சினும் சுற்றும். இதற்கு ஊற்றிய எண்ணெய் விளக்கெண்ணெய். பெட்ரோலோடு அது எளிதில் கலக்காது என்பதால் உயவுக்கு ஏற்றது. ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. எரிந்தது போக மிச்சம் வெளியே தெறித்து, விமானத்தின் வயிற்றையும் விமானியின் முகத்தையும் அபிஷேகம் செய்யும். மணிக்கணக்கில் அந்தப் புகையைக் குடித்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் விவரித்தபோது, என் மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“வருஷத்துக்கு ஒரு தடவை குடிக்கிறதுக்கே நாங்க ரெண்டு நாள் வாசலைத் தாண்ட மாட்டோம். இவங்க அதைக் குடிச்சிட்டுச் சண்டைக்குப் போனாங்களா மாப்ளே?”

போரின் பயங்கரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நிறத்திலும் அவர்தான் தீர்ப்பு வழங்கினார். பிரிட்டிஷ் விமானங்களின் மேற்பக்கத்தில் பூசப்பட்ட சாயத்துக்கு பி.சி. 10 என்று பெயர். காவி மண்ணும் கரிப்பொடியும் கலந்த சரக்கு. அது பச்சையா பழுப்பா என்று மாடல் செய்கிறவர்கள் பல காலமாக அடித்துக்கொள்கிறார்கள். சாம்பிள் துணியைப் பார்த்தவர்களே இரண்டு கட்சி. நான் கலந்துவைத்த கிண்ணத்தை எட்டிப் பார்த்த மாமியார், “சாணிக் கலரு. போட்ட அன்னிக்குப் பச்சை, காஞ்சா பழுப்பு. இதுல என்ன சண்டை?” என்றார்.

ஆனால் கம்பி விஷயத்தில் அவரே எதிர்க்கட்சியானார். றெக்கைகளுக்கு நடுவே ஓடும் கம்பிகள் கிட்டில் வராது, நாமே கட்டவேண்டும். அதற்குத் தூண்டில் நரம்பு உண்டு, பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த இழையும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கணக்காக அமைவது தலைமுடி. ஒரு முடியின் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் ஐந்து மில்லிமீட்டர். அசல் கம்பிக்கு ஏற்ற அளவு. ஆகவே மனைவியின் சீப்பிலிருந்து நீளமான முடிகளாகப் பொறுக்கி, சின்ன டப்பாவில் போட்டு, தேதி எழுதி வைத்திருந்தேன். அலமாரியைத் துடைக்கும்போது அந்த டப்பா மாமியாரின் கையில் சிக்கியது. பெண்ணின் தலைமுடி, டப்பா, தேதி, பக்கத்தில் ஊசி, இத்துனூண்டு மனித பொம்மை. யாராக இருந்தாலும் செய்வினை என்றுதான் நினைப்பார்கள். அன்று சாயங்காலமே திருவேற்காட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. அது இன்னும் விமானத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1:72-ல் கணக்குப் போட்டால் மூன்று மீட்டர் உயரம்.

மேல் றெக்கையைப் பொருத்துவது தனி அத்தியாயம். எட்டுத் தாங்கு குச்சிகளும் ஒரே நேரத்தில் அதனதன் குழியில் உட்காரவேண்டும். எட்டுக் கை வேண்டிய வேலை; அம்மன்களுக்கு மட்டும்தான் அந்த வசதி. எனக்கு இருக்கிற இரண்டில் ஒன்று ஃபெவிக்விக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வார்னிஷ் அடித்தால் மழைக்கால ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். ஈரப்பதம் குறைந்த நாளாகப் பார்த்து அடித்தால் கொசு வந்து உட்காரும். எங்கள் ஏரிப்பக்கத்துக் கொசுவை 72-ஆல் பெருக்கினால் முழுசாக ஒரு காக்கை. அது மேல் றெக்கையில் ஒட்டிக்கொண்டு செத்துக்கிடந்தால் எந்தப் போரின் காட்சி என்று சொல்வது?

கடைசியாகத் துப்பாக்கிக் குழாய். கிட்டில் வருவது தீக்குச்சி மாதிரி தடி. பித்தளையில் கடைந்தால் நன்றாக இருக்கும் என்று எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“டிராயிங் இருக்கா, சாம்பிள் இருக்கா?”

டிராயிங்கைக் கொடுத்தேன். விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர். அவர் முகம் மலர்ந்தது. “நல்ல ஃபைன் ஜாப். எத்தனை ஆயிரம் சார்?”

“ரெண்டு.”

“ரெண்டாயிரமா?”

“இல்லீங்க. ரெண்டு. உடையாம இருந்தா ஒண்ணுகூடப் போதும்.”

அவர் டிராயிங்கை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். “மெடிக்கல்ல இன்சுலின் ஊசி வாங்கி வெட்டிக்குங்க. கால் எம்.எம்.தான் வரும், உள்ளே ஓட்டையும் இருக்கும்.” முழுத் துப்பாக்கிக்கு அது போதாது, நுனிக்குக் கச்சிதம். உலகமெங்கும் மாடல் செய்கிறவர்கள் கையாளும் உபாயத்தை அவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கேமலின் மேல் றெக்கை ஏன் நேராக இருக்கிறது, கீழ் றெக்கை ஏன் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். மேலே நேராக வைத்தால் தயாரிப்பு சுலபம், அதற்கு ஈடாகக் கீழே சாய்வைக் கூட்டிவிட்டார்கள் என்றேன். “புரொடக்‌ஷன் தெரிஞ்ச ஆளு சார் அவன்” என்று சோப்வித் கம்பெனிக்கு அம்பத்தூரின் சான்றிதழைக் கொடுத்தார்.

பேச்சு வளர்ந்தபோது, அடுத்து டி ஏஞ்சலிஸின் விமானம் செய்ய ஆசை என்று சொன்னேன். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர். 1909-ல் பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய செய்தி வந்த மறுவருடமே, தானே ஒரு ரெட்டை றெக்கை விமானம் வடிவமைத்து, அப்போது கோச் வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தவர். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்கும் காட்டினார். அதற்கு எந்தக் கடையிலும் கிட் கிடையாது. எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும்.

முதலாளி லேத்தை நிறுத்தினார். “சிம்சன்லயா போட்டாங்க? எத்தனை?”

“ஒரே ஒரு பீஸ்.”

யோசித்தார். ஓட்டல்காரர் ஒருவர் விமானம் வேண்டும் என்று வந்து நின்றபோது, மினிமம் ஆர்டர் எவ்வளவு என்று கேட்காத சிம்சன்காரர்களை நினைத்திருப்பார். தம் தொழிலின் மானம் திடீரென்று தம் கையில் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

“சரி சார், செஞ்சிருவோம். டிராயிங் இல்லாட்டிப் பரவால்ல. பல்லாவரம் போய் அந்த சாம்பிளை மட்டும் எடுத்துட்டு வந்துருங்க.”