ஒன்றரை மணி வாத்தியார்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை அங்கே இறங்கி ஒரு வாரம் ஆகியிருக்காது, அதற்குள் நம் பழவேற்காட்டைப் பற்றி நமக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவான். குளிர், காய்ந்த பிரெட், இடப்பக்கமாகச் சைக்கிள் ஓட்டி வாங்கிய திட்டு, இதெல்லாம் முதல் இரண்டு நாளோடு சரி. மூன்றாம் நாள் லைப்ரரி கார்டு கைக்கு வருகிறது. நம் கஷ்டகாலத்துக்கு அன்றைக்குத்தான் தொடக்கம்.

எங்கள் குப்பத்துப் பிள்ளை படிக்கப் போனது நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்துக்கு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்டிரியா கோட்டைக்குப் பெயர் வந்ததே அந்த மாகாணத்திலிருந்துதான். அன்றைக்கு அவர்கள் இந்தக் கரையிலிருந்து ஆட்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்றைக்கு நாமே பேங்கில் கடன் வாங்கி, நாமே டிக்கெட் எடுத்து, திருஷ்டி சுற்றி அனுப்பிவைக்கிறோம்.

அங்கே இரவு பத்து மணிக்கு அவனுக்கு ஊர்ப் பாசம் பொங்கும். இங்கே மணி ஒன்றரை. அவன் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். வீடியோ கால் வருவது சித்தப்பாவான எனக்கு. "சித்தப்பா, நைனாகிட்ட குடுங்க." லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெரு நாய்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, நாலு வீடு தள்ளிப் போய் அண்ணனை எழுப்பவேண்டும். என்னவோ ஏதோ என்று அவர் பதறி எழுந்து உட்காருவார்.

"நைனா, சில்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்ம ஏரிதான். தெரியுமா?"

"சரிப்பா. சாப்ட்டியா?"

"ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா இருக்கு நைனா."

அண்ணன் என்னைப் பார்ப்பார். அங்கே ராக்கெட் விடும்போதெல்லாம் தோணியில் நின்று அண்ணாந்து பார்த்த மனுஷன்.

இத்தோடு விட்டானா? அடுத்து பாடு முறையைக் கண்டுபிடித்துவிட்டான். சாரா கோல்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர் நம் ஏரி மீனவர்களைப் பற்றி 2008-இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை லைப்ரரியில் அகப்பட்டதாம். யாருக்கு என்றைக்கு எந்த இடத்தில் வலை என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. அந்தக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் இவன் பொன்னேரியில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தான். தோணியில் கால் வைத்தால் இறால் வாடை நோட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பான். இப்போது சொல்கிறான்: "நைனா, நம்ம ஊர்ல பாடுன்னு ஒரு சிஸ்டம் இருக்கு. எல்லாருக்கும் சமமா வர்ற மாதிரி சுத்தி சுத்தி வரும்."

"தெரியும்டா. விடியகாலம் மூணு மணிக்கு நம்ம முறை. தோணி தள்ளணும். போனை வை."

போனை வைப்பான், மறுநாள் எனக்கு வேலை வைப்பான். டச்சுக் கல்லறை வாசலில் இருக்கிற எலும்புக்கூட்டுச் சிலைகளை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். கோட்டையையும் எடுத்து அனுப்பு. கோட்டை எங்கே இருக்கிறது எடுக்க? முள்ளும் புதரும்தான் இருக்கிறது. காலில் கீறலோடு திரும்பி வந்தால், "வெளிச்சம் பத்தல சித்தப்பா" என்கிறான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகத்துவாரத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. மண் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது. இறால் குஞ்சும் வராது. தூர்வாரித் தாருங்கள் என்று ரோட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நம் தொண்டை வறண்டது. இவன் அதை 'செடிமென்ட் டிரான்ஸ்போர்ட்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறான். இந்த ஏரிக்கு வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுதியதை இங்கே ஒருவன் படிக்கவேண்டுமென்றால், கடன் வாங்கிப் பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமா? தமிழில் நாலு பக்கம் அச்சடித்து டீக்கடையில் வைத்திருந்தால் என் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஒரு நாள் இரவு, கழி ஊன்றிக் கட்டுகிற வலையைப் படம் வரைந்து காட்டினான். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியைத் தேடினார்.

"வலை வாயை எந்தப் பக்கம்டா வச்சிருக்க? வத்தத்துக்குத் தண்ணி கடலுக்கு ஓடுது. இறாலு அதோட போவும். நீ கடல் பக்கம் வாயைத் திறந்து வச்சா எது உள்ள வரும், உங்க வாத்தியாரா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "இரு நைனா, நோட்டு எடுத்துக்கறேன்" என்றான்.

அதிலிருந்து நான் நாலு வீடு நடப்பதில்லை. ஒன்றே காலுக்கே அண்ணன் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். என் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, தரையில் கழியாக வரிசை வைத்து, கொசுவலைக் கிழிசலைக் கட்டி, ஒரு சொம்பை முகத்துவாரமாக நிறுத்தி, போனுக்கு முன்னால் பாடம் நடத்துகிறார். கால் வரக் கொஞ்சம் தாமதமானால், "ரீசார்ஜ் பண்ணியாடா?" என்று என்னைத்தான் அதட்டுகிறார். என் மனைவி புதுத் துடைப்பம் வாங்கி அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.