எங்கள் ஊர் ஹைபிரிட்

ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட்டின் முன்சீற்றில் இருந்து போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வாங்கு போல ஒரே சீற்று, கியர்த்தடி ஸ்ரியறிங்கோடு ஒட்டியிருக்கும். அதனால் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர், நெருக்கியடித்தால் மடியில் ஒரு பொடியன், அந்தப் பொடியன் அனேகமாக நான்தான். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிக்னல் கை வெளியே நீளும். நீளாவிட்டால் பெரியப்பா தூணில் ஒரு குத்து விடுவார், வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பும். ஏ-40 என்ற பெயரில் மெய்யாகவே கூரை மடக்குகிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 1950இல் இங்கிலாந்தில் வந்தது. அதன் படத்தைப் பழைய சஞ்சிகையொன்றில் கண்ட நாளிலிருந்து, யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியில் இருமிக்கொண்டு போகும் எங்கள் சோமர்செட் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று பள்ளிக்கூடத்தில் சாதித்துவந்தேன்.

1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கத் தொடங்க, புதுக் கார்கள் கொட்டிலுக்குள் படுத்துவிட்டன. கிழடுகள்தான் எழும்பி ஓடின. சோமர்செட்டின் 1200 சிசி எஞ்சினுக்கு அமுக்க விகிதம் ஏழைக் கொஞ்சம்தான் தாண்டும், மண்ணெண்ணெயை ஊற்றினாலும் முனகி முனகி இழுத்துவிடும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாதே! ஆகவே விடியவெள்ளன பெரியப்பா, கண்ணுக்கு மருந்து விடுவதுபோல, காபுறேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அப்போதுதான் மீசை அரும்பிய நான், ஒழுங்கையில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றுவேன். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். கலியாண வீட்டில் இறங்கினால் பட்டுச் சேலையிலும் குப்பி விளக்கு மணம்.

ஒரு எஞ்சின், இரண்டு தீனி. ரொயோட்டாக்காரர் யப்பானில் பிரியஸ் என்ற ஹைபிரிட்டை இறக்கியது 1997இல். நாங்கள் ஏழு வருடம் முந்திவிட்டோம், காப்புரிமைதான் எடுக்கவில்லை.

சண்டை முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் பிரியஸ் எங்கள் வளவுக்கும் வந்தது, பெறாமகனுடையது. அமுக்க விகிதம் 13, முன்சீற்றில் தாராளமாக ஒருவர், மடியில் பொடியன் இருந்தால் பொலிஸ் மறிக்கும். பற்றரியில் ஊர்ந்து கேற்றைத் தாண்டினால் ஆள் போனதே தெரியாது. முந்தி பெரியப்பாவின் கார் சந்தியில் திரும்பும்போதே பெரியம்மா தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்துவிடுவா. இப்போது வந்தவர் வாசலில் நின்று செருமவேண்டியிருக்கிறது.

2022இல் மறுபடியும் தட்டுப்பாடு. கைபேசியில் கியூஆரைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர், அதற்கும் மணிக்கணக்கில் வரிசை.

"சித்தப்பா, இதுக்கு மண்ணெண்ணெய் விட ஏலாதோ?"

"விட்டால் கொம்பியூட்டர் கத்துமடா. உன்ர கார் படிச்சது."

மண்ணெண்ணெய்க்கும்தான் அப்போது வரிசை. படகுக்காரர் கானோடு நின்றார்கள். சோமர்செட் இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது. போன மாதம் கலியாணப் படம் எடுக்கிற பொடியள் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். எஞ்சின் வேலை செய்யாது தம்பி என்றேன். தேவையில்லையாம், ட்ரோன் மேலே பறக்கும்போது பின்னால் நாலு பேர் குனிந்து தள்ளினால் போதுமாம், புகையைக் கணினியில் போட்டுக்கொள்வார்களாம்.