அண்ணாந்து நிற்றல்: பிராக் கடிகாரத்தின் கீழ்க் கூடுவோர் பற்றிய ஆய்வு

செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், பழைய நகரச் சதுக்கத்தின் ஓரத்தில், ஒவ்வொரு மணி அடிப்பதற்கும் சற்று முன்பாக ஒரு பெருங்கூட்டம் சுவரைப் பார்த்து நிற்கிறது. மணி அடித்ததும் கலைகிறது. அடுத்த மணிக்கு வேறொரு கூட்டம். காலை 9 முதல் இரவு 11 வரை, நாளொன்றுக்கு 15 முறை இது நடக்கிறது. கடலின் ஓதத்தை இண்டு இடுக்கு விடாமல் ஆராய்ந்த அறிவுலகம் இந்த ஓதத்தைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

அண்ணாந்தோர் என்பார் யாவரெனின், வெள்ளி மாலை வந்திறங்கி ஞாயிறு இரவு விமானம் ஏறவேண்டியவராய், ஒரு தோள்பையும் ஒரு கைப்பேசியும் உடையவராய், பழைய நகர மன்றக் கோபுரத்தின் தென்சுவரை நோக்கிக் கழுத்து வலிக்க நிற்போர் என்க. கைப்பேசி இல்லாதாரும் அடங்குவரோ எனின், அப்படி ஒருவர் தட்டுப்படாமையின் அவ்வினா எழவில்லை. தம்மையே படமெடுக்கக் கடிகாரத்துக்கு முதுகு காட்டி நிற்போர் அண்ணாந்தோர் ஆகார். அவர்களுக்குத் தனி நூல் வேண்டும்.

அண்ணாந்தோர் காணக் காத்திருப்பது இது: எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியாட்டும், மேலே இரு சன்னல்கள் திறக்க, இயேசுவின் சீடர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துப் போவார்கள், கண்ணாடி பார்ப்பவன், பணமூட்டைக்காரன், துருக்கியன் மூவரும் 'இப்போது வரமாட்டோம்' என்று எலும்புக்கூட்டிடம் தலையாட்டுவார்கள், பொற்சேவல் கூவும். ஏறக்குறைய ஒரு நிமிடம். காத்திருந்த நிமிடங்களைக் காட்சி நிமிடத்தால் வகுக்கக் கிடைப்பதைக் 'கழுத்துக் கெழு' எனப் பெயரிடுகிறோம். முன்வரிசையில் இடம்பிடிக்க அரைமணி முன்பே வந்தவருக்கு இது 30. கடைசி நொடியில் மூச்சிரைக்க ஓடிவந்தவருக்குப் பூச்சியத்தை ஒட்டி வரும். ஆயினும் சேவல் கூவியதும் இருவரும் பலமொழிகளில் கேட்கும் கேள்வி ஒன்றே: "அவ்வளவுதானா?"

இங்கே முரண் ஒன்று உண்டு. இவர்கள் பார்க்க வந்த சீடர்கள் இந்தக் கடிகாரத்தின் இளையவர்களில் சேர்ந்தவர்கள். பழைய பொம்மைகள் 1945 மே மாதச் சண்டையில், ஜெர்மானியர் சுட்டதில் மூண்ட தீக்கு இரையாயின. இப்போதிருப்பவை வோய்டெக் சுஹர்டா என்ற சிற்பி மரத்தில் செதுக்கியவை. 1948ல்தான் மறுபடி ஓடத் தொடங்கின. அவற்றுக்குக் கீழே உள்ள வானியல் முகப்போ 1410ஆம் ஆண்டுக்காரன். இன்றும் ஓடும் வானியல் கடிகாரங்களில் மூத்தது. அது ஒரு நிமிடம் அல்ல, நாள் முழுதும் காட்சி தருகிறது. உள்ளே 365, 366, 379 பற்கள் கொண்ட மூன்று பெரிய சக்கரங்கள் ராசி வளையத்தையும் சூரியனையும் சந்திரனையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றுகின்றன. சூரியன் இப்போது எந்த ராசியில் நிற்கிறது, அடிவானத்துக்கு மேலா கீழா, எல்லாம் சுவரிலேயே இருக்கிறது. வெளிவளையம் சூரிய அத்தமனத்திலிருந்து 24 மணியை எண்ணும் பழைய செக் நேரம். நடுவே, உதயம் முதல் அத்தமனம் வரையிலான பகலைப் பன்னிரண்டாகப் பங்கிடும் கோடுகள்; கோடையில் மணி நீளும், குளிரில் குறுகும். ராகு காலம் கணிக்கத் தெரிந்தவருக்கு இதில் புதுமை இல்லை. நாம் எட்டாக வெட்டுவதை அவர்கள் பன்னிரண்டாக வெட்டினார்கள். பாதி வெள்ளி, பாதி கறுப்பான சந்திரக் கோளம் தன் வயிற்றுக்குள் இருக்கும் எடையின் இழுப்பிலேயே புரண்டு வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. இத்தனையும் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்க, அண்ணாந்தோர் பொழுது போகவில்லையென்று கைப்பேசியைக் குடைகிறார்கள்.

பொழுதுபோக்கவே வழிகாட்டிகள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கடிகாரம் செய்த ஹனுஷ் இன்னோர் ஊருக்கும் செய்து கொடுத்துவிடக் கூடாதென்று நகரசபையார் அவர் கண்களைக் குருடாக்கினார்களாம். அவர் இயந்திரத்துக்குள் கைவிட்டு அதை நிறுத்திப் பழிதீர்த்தாராம். 1410 அக்டோபர் 9 தேதியிட்ட ஆவணமோ, செய்தவர் கடான் ஊர் மிகுலாஷ் என்கிறது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வானியல் பேராசிரியர் யான் ஷிண்டெல் என்பது அறிஞர் கருத்து. ஹனுஷ் 1490 வாக்கில் பழுது பார்த்தவர். ஆனால் ஆவணத்தைச் சொன்னால் அரை நிமிடம்தான் ஓடும். கதை பத்து நிமிடம் தாங்கும். கண்ணை இழக்காததுதான் மிகுலாஷ் செய்த பிழை.

கடிகாரம்தான் கூட்டத்தை இழுக்கிறது என்பார்க்கு மறுப்பு: 2018ல் கடிகாரத்தைக் கழற்றிப் பழுதுபார்த்தபோது அந்த இடத்தில் எல்.இ.டி. திரை மாட்டி அதன் படத்தை ஓடவிட்டார்கள். கூட்டம் திரையின் முன்னும் நின்றது. அதையும் படம் பிடித்தது.

இடம் போதாமல் வழியும் கூட்டம் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் ஒதுங்கும். அங்கே தரைக்கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று அவ்விடத்தில் கொல்லப்பட்ட 27 கிளர்ச்சித் தலைவர்களுக்காக. அவற்றின் மேல் நின்று ட்ருடெல்னீக் என்ற இனிப்பைத் தின்பது வழக்கம். 'பழைய பிராக்கின் பலகாரம்' என்று பலகை சொன்னாலும், அது இந்நகரில் பெருகியது இந்த நூற்றாண்டில்தான். அதில் ஐஸ்கிரீம் நிரப்புவதை இவ்வாய்வு கண்டிக்கிறது.

எஞ்சிய ஓர் இனம் உண்டு. அண்ணாந்து பாராதது. எலும்புக்கூடு கயிற்றைத் தொட்டால் எல்லார் கையும் மேலே போகும், பைகள் அனாதையாகும், சேவல் கூவினால் கைகள் இறங்கும் என்ற கால அட்டவணையை நொடி பிசகாமல் அறிந்தவர்கள். கடிகாரத்தை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கே, அதாவது நேரம் பார்க்க, பயன்படுத்துவோர் இவர்கள் மட்டுமே. இவர்களின் கழுத்துக் கெழுவை அளக்க இயலவில்லை. சேவல் கூவி முடிக்கும் முன்பே டிராம் ஏறிவிடுகிறார்கள்.