குளோன் அண்ணன்

எல்லீஸ் நகர், திருநகர், கோச்சடை என்று மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மாடி அறையில் இவர் இருப்பார். வயது நாற்பதை ஒட்டி. பகலில் ஏதோ ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் டேட்டா சென்டர் முதலாளி. அந்த டேட்டா சென்டர், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நிற்கும் ஒற்றை சி.பி.யு. உள்ளே 32 ஜி.பி. ரேம். அதன் விலை வீட்டில் சொன்னது ஒன்று, பில்லில் இருப்பது ஒன்று.

அந்த ஒரு பெட்டிக்குள் அண்ணன் பத்துப் பதினைந்து கணினிகளை வைத்திருக்கிறார். விர்ச்சுவல் மெஷின், அண்ணன் வாயில் 'வி.எம்.' ஒவ்வொன்றும் தனக்கென்று பிராசஸர், ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். டிஸ்க் என்று அது நினைப்பது, டி டிரைவில் கிடக்கும் ஒரு ஃபைல். பெரிய கம்பெனிகளுக்கு இது பழைய சங்கதி. ஐ.பி.எம். 1972-லேயே தன் மெயின்ஃபிரேமுக்கு வி.எம்./370 கொண்டுவந்துவிட்டது. மாடி அறைக்கு வந்த கதையை அண்ணனே சொல்லுவார்: "விர்ச்சுவல்பாக்ஸ ஜெர்மனில இன்னோடெக் பெத்துச்சு தம்பி, 2007. மறு வருசமே சன் வந்து எடுத்துக்கிருச்சு. 2010ல சன்னையே ஆரக்கிள் வாங்கிப்போட்டுச்சு." சொல்லும்போது குரல் லேசாகக் கம்மும்.

பெயர் வைப்பதில்தான் அவர் அசல் மதுரைக்காரர். டேட்டாபேஸ், கோயிலுக்குள் இருக்கும் ஆடி வீதி. அடுத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி. வெப் சர்வர் மாசி வீதி. எல்லாவற்றுக்கும் வெளியே காவல் நிற்கும் ஃபயர்வால், வெளி வீதி. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து உண்டான வீதி அது. சுவரை இடித்த இடத்தின் பெயரைத் தேடிப் பிடித்துத் தடுப்புச் சுவருக்கே வைத்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கீழ மாசியை உருவாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. மற்ற மூன்றுக்கும் அந்தக் கஷ்டம் இல்லை: ரைட் கிளிக், குளோன், அவ்வளவுதான். ஏன் நாலு என்று கேட்டால், "மாசி வீதின்னா நாலும் இருக்க வேணாமா?" என்பார். நியாயம்தான். நாலு சர்வரிலும் என்ன ஓடுகிறது என்று கேட்பதுதான் அநியாயம். அப்பாச்சி நிறுவியதும் தானாக வரும் 'இட் ஒர்க்ஸ்!' பக்கம் கீழ மாசியில் ஓடுகிறது. மற்ற மூன்றிலும் அதே பக்கம்.

ஃபுல் குளோனுக்கும் லிங்க்டு குளோனுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் டீ ஆறிவிடும். "ஃபுல் குளோன் தனிக்குடித்தனம் தம்பி. பாத்திரம் பண்டத்தோட போயிரும், இடம்தான் அம்புட்டுப் பிடிக்கும். லிங்க்டு குளோன் கூட்டுக்குடும்பம். அப்பன் டிஸ்க்குலயே உக்காந்து சாப்பிடும், தான் மாத்துனத மட்டும் தனியா எழுதி வச்சுக்கிரும். அப்பன் போயிட்டா, பிள்ள எந்திரிக்காது." அனுபவப் பேச்சு. டி டிரைவில் இடம் பத்தவில்லை என்று ஒருநாள் துப்புரவு செய்தபோது ஓர் அப்பனைக் குப்பைக் கூடையில் போட்டவர் அவர்.

குளோனில் இன்னொரு வம்பும் உண்டு. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியைப் புதிதாக மாற்றினாலும், உபுண்டு சர்வருக்குள் இருக்கும் மெஷின் ஐ.டி. பழையதாகவே இருந்தால், இரண்டுக்கும் ரௌட்டர் ஒரே ஐ.பி.யைத் தந்துவிடும். அண்ணன் மேல மாசிக்குப் போவதாக நினைத்துக் கீழ மாசியில் போய் நிற்பார். வெளியூர்க்காரர்கள் நம் ஊரில் இறங்கியதும் செய்கிற காரியம்.

இவையெல்லாம் மாடியோடு போனால் பரவாயில்லை. வெளி வீதியை வீட்டு வைஃபையோடு இணைத்து, ஐ.பி. கொடுக்கும் வேலையையும் அதற்கே அண்ணன் ஒப்படைத்த அன்று, கீழே டி.வி.க்கும் அதுவே முந்திக்கொண்டு ஒரு முகவரி கொடுத்தது. இணையத்துக்குப் போக வழியில்லாத முகவரி.

"ஏப்பா, நாடகம் நின்னுபோச்சு!" என்றார் அம்மா.

"டி.எச்.சி.பி. டெஸ்ட் பண்றேம்மா."

மதினி படியேறி வந்தார். "ஏங்க, உங்க வீதியெல்லாம் கொஞ்சம் அடைச்சிட்டு, எங்க வீட்டுக்கு வழி விடுறீங்களா?"

நாளிதழில் அண்ணன் முதலில் பார்ப்பது 'நாளை மின்தடை' பகுதி. துக்கச் செய்தியில் தெரிந்த பேரைத் தேடுகிற மாதிரி, தன் துணை மின் நிலையத்தின் பேரைத் தேடுவார். கல்யாண வீட்டில் யாராவது லேப்டாப் வாங்கிய சேதி சொன்னால், முதல் கேள்வி: "பயாஸ்ல வி.டி. ஆன்ல இருக்கா?" பாவம், சொன்னவர் வாரன்டி உண்டா என்று கேட்பார் என எதிர்பார்த்திருப்பார். 2024 மே மாதம் வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்றானதும், எல்லா வீதிகளையும் அங்கிட்டு மாற்றினார். இங்கிட்டு இருந்ததை அழிக்கவில்லை. "கிடக்கட்டும், பேக்கப்."

மகளுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. பிரின்டர் எதிரிலேயே இருக்கிறது, விண்டோஸோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. ஏதோ ஒரு வி.எம். யு.எஸ்.பி. வழியாக அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஏற்பாடு குளோன்களுக்கும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. எது பிடித்தது? அண்ணன் ஒவ்வொரு வீதியாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து மாடியிலிருந்து வெற்றிக் குரல் வந்தது.

"பாப்பா, தெற்கு மாசில இருக்கும்மா!"

டியூஷன் முடிந்து அப்போதுதான் வந்த பாப்பா, பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டியது. "தெரியும்ப்பா. அங்கதான் ஜெராக்ஸ் கடைல எடுத்தேன். பத்து ரூவா."