பொடி எழுத்து

கோட்டையூரில் வீடு கட்டிய செட்டியார்கள் முட்டிவலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தெருவிலிருந்து முகப்புக்கு ஏறப் படி, வளவுக்கு இறங்கப் படி. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். அத்தனை பெரிய வீட்டில் மிச்சம் ஆச்சியும் அவருடைய இரண்டு முழங்கால்களும்தான்.

அந்த முழங்கால்கள்மீது பெற்ற பிள்ளைகளைவிட அக்கறை உள்ளவர்கள் சத்து மாத்திரைக்காரர்கள். ராசிபலன் முடிந்ததும் டிவியில் வந்துவிடுகிறார்கள். வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவர், தேய்ந்த ஜவ்வு திரும்ப வளரும் என்கிறார். மூன்று மாத கோர்ஸ். நாலாம் மாதமும் நொண்டினால், "உங்க உடம்பு மெதுவா ஏத்துக்குதும்மா, இன்னொரு கோர்ஸ் போடுங்க."

டப்பாவைத் திருப்புங்கள். மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதி அந்த வாசகத்தை அச்சிடச் சொல்கிறது. ஆக, அதிகாரி கேட்டால் சாப்பாடு, ஆச்சி கேட்டால் மருந்து. துண்டு நோட்டீசைக்கூடத் தூக்கிப்போடாத நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா வாழ்ந்த ஊர் கோட்டையூர். இன்று அவர் இருந்தால் இந்தப் புளுகுகளுக்கே தனி அறை ஒதுக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க அரசு செலவில் 1,583 பேரை வைத்து, இத்தகைய மாத்திரைகளில் சேர்க்கும் குளுக்கோசமைனையும் காண்ட்ராய்டினையும் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது: ஒட்டுமொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடச் சொல்லிக்கொள்ளும்படி வலி குறையவில்லை. வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி தணிந்திருந்தது! அதையே விற்கலாமே, ஐயா. மலிவாகவும் முடியும்.

விழுங்கிய அன்றே வலி பறந்தால் இன்னும் பயப்பட வேண்டும். 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுவலி மாத்திரையில், லேபிளில் இல்லாத டைக்ளோபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்ததை 2022-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கண்டுபிடித்தது. ஸ்டீராய்டு போட்டால் ஆச்சி நடக்கத்தான் செய்வார், சர்க்கரை ஏறிப் படுக்கும்வரை.

சட்டம் இல்லாமலா? 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டப் பட்டியலில் மூட்டுவாதமும் உண்டு. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. உணவுச் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். எழுபது வருடமாகச் சட்டம் எழுந்து நடக்கவே இல்லை. அதற்கும் முட்டிவலி போலிருக்கிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கும் கிழவியிடம்கூடக் கைவைக்கிறவர்களை டிவியில் உட்காரவைத்து அழகு பார்க்கிறோம்.

ஆச்சி, முட்டிக்கு உதவுவது தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு, இலவசமாக. அடுத்த கோர்ஸ் பணத்தை முந்தானையிலேயே முடிந்துகொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள்.